பத்து டோஸ் குப்பியும் 24 மணி நேரமும்

கர்ப்பிணிகளுக்கு ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) என்று பேச்செடுத்தாலே ரத்தப் பரிசோதனையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் வளரும் நாடுகளில் பிரசவ அறைக்கும் தடுப்பூசி அறைக்கும் நடுவே இருக்கிற அந்த வராந்தாவில்தான் நிறையக் குழந்தைகளைக் கோட்டைவிடுகிறோம் என்பேன்.

பெரியவர்களுக்கு இந்த வைரஸ் தொற்றினால் 100-ல் 5 பேருக்கும் குறைவாகவே நாள்பட்ட நோயாகத் தங்கும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் 100-ல் சுமார் 90 குழந்தைகளுக்குத் தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பல பத்தாண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வந்து நிற்கும். தாய்க்கும் பெரும்பாலும் அறிகுறி இருக்காது. "காமாலையே வரலையே, எனக்கெதுக்கு டெஸ்ட்?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

இதற்கான தடுப்பு, பிறந்த 24 மணி நேரத்துக்குள் தொடையின் முன்வெளிப் பக்கத் தசையில் போடும் 0.5 மி.லி. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் இதே மருந்து இருக்கிறதே என்பார்கள். ஆறு வாரம் காத்திருந்தால், பிரசவத்தில் நுழைந்த வைரஸ் அதற்குள் வேரூன்றியிருக்கும். 2022-ல் உலக அளவில் பிறந்த உடனே ஊசி கிடைத்த குழந்தைகள் பாதிகூட இல்லை. ஆப்பிரிக்காவில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு.

ஏன் தவறுகிறது? பல இடங்களில் மருந்து பத்து டோஸ் குப்பியில் வருகிறது. ராத்திரி ஒரே ஒரு பிரசவம். ஒரு குழந்தைக்காகக் குப்பியைத் திறந்தால் மீதி ஒன்பது வீணாகுமே என்ற பயம். "நாளைக்கு பிசிஜியோடு சேர்த்துப் போட்டுக்கலாம்" என்று, காசநோய்த் தடுப்பூசி போடும் நாளுக்குத் தள்ளிவைக்கிறார்கள். பிசிஜியைத் திறந்தால் ஆறு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும் என்பது உண்மை. அந்த விதியை இதற்கும் பொருத்திக்கொள்வதுதான் கோளாறு. ஹெபடைட்டிஸ் பி குப்பியில் மருந்தைக் கெடாமல் காக்கும் பொருள் சேர்த்திருக்கிறது. 2 முதல் 8 டிகிரியில், சுத்தமாக, காலாவதியாகாமல் இருந்து, வெப்பங்காட்டி லேபிளும் சரியாக இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் விதிப்படி 28 நாள்வரை பயன்படுத்தலாம். திறந்த தேதியைக் குப்பிமேல் எழுதினால் போதும். பிறகு, ஃப்ரிட்ஜ் சாவி யாரிடம்? ஞாயிற்றுக்கிழமை பிறக்கும் குழந்தைக்கு இதுதான் பெரிய கேள்வி.

இந்த மருந்துக்கு வெயிலைவிட உறைபனிதான் எமன். ஐஸ் பேக்கோடு ஒட்டி வைத்தால் உறைந்து, அதிலுள்ள அலுமினிய உப்பு திரண்டு, வீரியம் போய்விடும். வெப்பங்காட்டி லேபிள் சூட்டை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. சந்தேகம் வந்தால், அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் குலுக்கிப் பக்கத்தில் வையுங்கள். சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்தில் வண்டல் இறங்கினால் தூக்கிப் போடுங்கள்.

தாய்க்குத் தொற்று உறுதியானால், வைரஸ் அளவு மி.லி.க்கு 2,00,000 யூனிட்டோ அதற்கு மேலோ இருக்கும்போது வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை 300 மி.கி. தினமும். வைரஸ் அளவைப் பார்க்கும் பரிசோதனையும், அதற்கு மாற்றான இ-ஆன்டிஜன் என்ற ரத்தப் பரிசோதனையும் இல்லாத ஊரில், தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்குமே கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் இறங்கி வந்திருக்கிறது. நல்ல முடிவு, பரிசோதனை இயந்திரத்துக்காகக் காத்திருந்து பிரசவமே முடிந்துபோன கதைகள் அதிகம். மாத்திரையை நிறுத்திய பிறகு கல்லீரல் நொதிகள் எகிறலாம், அதனால் சில மாதங்களாவது கண்காணிக்க வேண்டும். இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) கிடைத்தால் பிறந்த 12 மணி நேரத்துக்குள் குழந்தையின் அடுத்த தொடையில் போடலாம். அது வரட்டும் என்று தடுப்பூசியை நிறுத்திவைப்பது பெரிய தப்பு.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். இதற்காகச் சிசேரியன் தேவையில்லை. தனித் தட்டு, தனித் தம்ளர் வைக்கிற மாமியார்களுக்கு: சாப்பாட்டில் இது பரவாது. அந்த அக்கறையைக் கணவரையும் மூத்த பிள்ளைகளையும் பரிசோதிக்க அனுப்புவதில் காட்டலாம்.

குழந்தையின் எடை 2 கிலோவுக்குக் கீழே இருந்தாலும் முதல் ஊசி உண்டு. ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காமல் இன்னும் மூன்று டோஸ் போட வேண்டும். குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா என்று 9 மாதத்துக்கு முன் பார்த்தால் முடிவு குழப்பும்.

பிரசவப் பதிவேட்டில் பிறந்த நேரத்துக்குப் பக்கத்திலேயே ஊசி போட்ட நேரத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும். தேதி மட்டும் எழுதினால், முந்தின நாள் காலை 6 மணிக்குப் பிறந்து மறுநாள் மதியம் ஊசி போட்ட குழந்தையும் கணக்கில் "24 மணி நேரத்துக்குள்" என்றே ஏறிவிடும்.