ஹூட் என்றால் எது?

"கூரையைத் திறக்க முடிந்தால் அது ரோட்ஸ்டர்" என்று பழைய கார்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பழைய பிரிட்டிஷ் கார்களில் விஷயம் அவ்வளவு எளிதில்லை. ரோட்ஸ்டர் என்றால் இரண்டு இருக்கை, ஒப்புக்கு ஒரு துணிக்கூரை. கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது; மழை வந்தால் பக்கத்திரைகளை எடுத்து மாட்ட வேண்டும். 1955-இல் எம்ஜி நிறுவனம் கொண்டுவந்த எம்ஜிஏ ரோட்ஸ்டரில் கதவுக்கு வெளியே கைப்பிடிகூட இல்லை, உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். திருடனுக்கு நல்ல வசதி! ஏற்றி இறக்கும் கண்ணாடியும் உள்துணி தைத்த கூரையும் இருந்தால் அது டிராப்ஹெட் கூபே. ஜாகுவார் எக்ஸ்கே120 இரண்டு வகையிலும் வந்தது. அதே எம்ஜியின் 1962 மாடலான எம்ஜிபியில் ஏற்றி இறக்கும் கண்ணாடி வந்துவிட்டது, ஆனாலும் எல்லோரும் அதை ரோட்ஸ்டர் என்றே சொல்கிறார்கள். சரி, இலக்கணத்தை ரொம்பவும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.

அப்புறம், ஹூட். பிரிட்டனில் அது துணிக்கூரை, அமெரிக்காவில் எஞ்சின் மூடி. கட்டுரையில் இரண்டும் கலந்து கிடக்கிறது. இணையத்தில் உதிரிபாகம் வாங்குகிறவர் பாடு திண்டாட்டம்தான். எஞ்சின் மூடிக்கு நமக்கு பானெட் என்ற பிரிட்டிஷ் சொல்தான் பழக்கம். நம் வாயில் புழங்கும் டிக்கியும் அங்கிருந்து வந்ததே: பழைய கார்களின் பின்பக்கம் மூடியைத் திறந்தால் விரியும் இருக்கைக்கு டிக்கி சீட் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், 1958-இன் ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட்டுக்கு, அதாவது தவளைக்கண் என்று செல்லப்பெயர் பெற்ற அந்தக் காருக்கு, டிக்கி மூடியே இல்லை. சீட்டுக்குப் பின்னால் தலையை நுழைத்துத்தான் பெட்டியை இழுக்க வேண்டும்.