இரண்டு மோனோபிளாக் போட்டால் சத்தம் இரட்டிப்பாகுமா?

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்குப் பதில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு மோனோபிளாக் (ஒரே சேனல் மட்டும் உள்ள ஆம்ப்ளிஃபயர்) வைத்தால் சத்தம் இரட்டிப்பாகும் என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

சேனலுக்கு 100 வாட் தரும் ஸ்டீரியோவும், 100 வாட் மோனோபிளாக் இரண்டும் தருவது ஒரே சக்திதான். 200 வாட்டுக்கே போனாலும் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரு மடங்காகக் கேட்கச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும்!

தனித்தனி பவர் சப்ளை, ஸ்பீக்கர் அருகிலேயே வைத்து ஒயரைக் குறுக்கும் வசதி: மோனோபிளாக்கின் நிஜமான பலன்கள் இவை.

ஸ்டீரியோவையே பிரிட்ஜ் செய்து, அதாவது இரு சேனல்களையும் ஒரே ஸ்பீக்கருக்கு இணைத்து, மோனோவாக்கும்படி அதே பதிவு சொல்வது ஆபத்தானது. அப்போது 4 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஓமாகத் தெரியும். தடை இப்படிக் குறைந்து மின்னோட்டம் கூடுவதைத் தாங்காமல் பல ஆம்ப்ளிஃபயர்கள் சூடேறி நின்றுவிடும், சில எரிந்தே போகும். தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்காவிட்டால் தயவுசெய்து செய்யாதீர்கள்.