ஒற்றை அறை வீட்டுக்குள் பியானோ எதற்கு?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், எங்கள் ஊர்ப் பூங்காவில் ஒரு பழைய மரக்கட்டை வீடு நிற்கிறது. 1800களின் தொடக்கத்தில் காட்டை வெட்டிக் குடியேறிய குடும்பம் ஒன்று கட்டியது. இப்போது அதுதான் உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகம். அதற்குள் போய்விட்டு வந்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

முதலில் திறந்திருந்தால்தானே பார்க்க! கோடையில் மட்டும், அதுவும் ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம். சரி, நடத்துகிறவர்கள் வயதான தன்னார்வலர்கள், ஆள் கிடைப்பதில்லை. அதில் எனக்குச் சண்டை இல்லை. உள்ளே செய்து வைத்திருப்பதுதான் தாங்கவில்லை.

இருப்பதே ஒரு அறை. அதற்குள் பியானோ, கண்ணாடி அலமாரி நிறையப் பீங்கான் தட்டுகள், யாருடைய கல்யாண கவுனோ ஒன்று, தையல் மெஷின், டைப்ரைட்டர். ஊரில் யார் பரணைக் காலி செய்தாலும் சாமான் இங்கே வந்துவிடுகிறது. வேண்டாம் என்றால் கொடுத்தவர் மனம் நோகுமாம். அந்த வீடு கட்டி ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துத்தான் தையல் மெஷின் விற்பனைக்கே வந்தது. டைப்ரைட்டர் வந்தது 1870களில். பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் இதையெல்லாம் அந்தக் குடும்பம் புழங்கிய பொருள் என்றுதானே நம்புவார்கள்? ஏழெட்டுப் பேர் ஒரே கணப்பைச் சுற்றிப் படுத்து எழுந்த இடம் அது. எண்ணெய் தடவிய காகிதத்தை ஜன்னலில் ஒட்டி வெளிச்சம் தேடிய காலம். அந்த நெருக்கடியும் இருட்டும் யாருக்குத் தெரியப்போகிறது?

பார்க்க வேண்டியது அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மூலையில் கட்டைகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். ஆணியே இல்லை. மழைத் தண்ணீர் உள்ளே தங்காமல் வெளியே வழியும்படி முனைகளைச் சாய்வாக வெட்டியிருக்கிறார்கள். கோடாலி விழுந்த தடம் ஒவ்வொன்றும் இன்னும் தெரிகிறது. இடுக்குகளில் கல்லையும் மரத்துண்டையும் செருகி, வைக்கோல் கலந்த களிமண்ணைப் பூசியிருந்தார்கள். யாரோ புண்ணியவான் அதைப் பெயர்த்துவிட்டு சிமென்ட் பூசிவிட்டார். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். களிமண் ஓரளவு விட்டுக்கொடுக்கும், சிமென்ட் கொடுக்காது. விரிசல் வழியாக இறங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. அடிக்கட்டை விரல் பட்டாலே தூளாக உதிர்கிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பா?

வாசல் பலகையோ இன்னும் மோசம். 'ஆளில்லாத காட்டுக்கு வந்த முதல் குடும்பம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆளில்லாத காடா? 1795ல் கிரீன்வில் ஒப்பந்தத்தில் ஷானி, மயாமி, டெலவேர் என்ற பூர்வகுடி மக்களிடமிருந்தும் இன்னும் பலரிடமிருந்தும் ஒஹாயோவின் பெரும்பகுதியை அமெரிக்க அரசு சார்பில் எழுதி வாங்கினார்களே, அதை யாரிடமிருந்து வாங்கினார்களாம்? வயண்டாட் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களை இங்கிருந்து கிளப்பி அனுப்பியது 1843ல். இந்த வீட்டில் அடுப்பு எரிந்த காலத்தில் அவர்கள் இதே மாநிலத்தில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது.

உண்மையைச் சொன்னால் கூட்டம் வராது என்கிறார்கள். கென்டக்கியில் அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் பிறந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பளிங்கு மண்டபத்துக்குள் வைத்திருக்கும் கட்டை வீட்டை நூறு வருடங்களுக்கு முன்பு அவர் பிறந்த வீடாகவே கொண்டாடினார்கள். பிறகு மரவளையங்களை ஆராய்ந்தபோது, 1809ல் அவர் பிறந்து பல பத்தாண்டுகள் கழித்து வெட்டிய மரங்கள் என்று தெரிந்தது. இன்று அதை அடையாளத்துக்காக வைத்திருக்கும் வீடு என்றே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அப்படியும் மக்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

லிங்கன் பெயரிலேயே அப்படிச் சொல்ல முடிகிறது என்றால், எங்கள் ஊர்க் குழுவுக்கு ஒரு பலகையை மாற்றி எழுத என்ன தடை? பியானோவையும் கவுனையும் நூலகத்துக்கு அனுப்புங்கள், அங்கே இடம் இருக்கிறது. அந்த மூலையை மறைக்கும் அலமாரியை இழுத்து வெளியே போடுங்கள். சிமென்டைப் பெயர்த்தெடுக்க, மரவேலையும் களிமண் பூச்சும் தெரிந்த ஒருவரை இந்தக் கோடையிலேயே கூப்பிடுங்கள். அடிக்கட்டை இன்னும் எத்தனை பனிக்காலம் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்?