அம்மை போட்ட டிராம்

நேற்றிலிருந்து மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் அதே படம். எந்தப் படம் என்று உங்களுக்கே தெரியும். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் ஓவியத்தை ஒட்டிக்கொண்டு மெல்பர்னில் ஓடும் டிராம், கீழே நம் அண்ணன் ஒருவரின் கைவண்ணம்: "டிராமுக்கு அம்மை போட்டிருக்கு, வேப்பிலை கட்டுங்கப்பா."

எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. மறைக்கவில்லை.

ஆனால் அண்ணே, இந்த மண்ணில் அந்த மக்களைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? 1788இல் வெள்ளையரின் கப்பல்கள் சிட்னிக்கு வந்தன. மறுவருடமே அங்கே பெரியம்மை. துறைமுகக் கரையெங்கும் பிணங்கள். 1830களில் இந்த மெல்பர்ன் பக்கம் குடியேறியவர்கள், இங்கிருந்த முதியவர்களின் முகத்தில் அம்மைத் தழும்பைப் பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படிப் பிழைத்தவர்களின் வழிவந்தவர்கள் வரைந்ததற்குத்தான் நீங்கள் வேப்பிலை தேடுகிறீர்கள்.

"வெறும் புள்ளிதானே, என் பையனே வரைவான்" என்கிறார் இன்னொருவர். வரையட்டும், நல்லது. ஆனால் நீங்கள் சொல்லும் புள்ளி ஓவியம் 1971 வாக்கில், நாட்டின் நடுப் பாலைவனத்தில், பப்பூனியா என்ற ஊரில் பலகையில் ஏறத் தொடங்கியது. இங்குள்ள வுருண்ட்ஜெரி, பூன் வுருங் மக்களுடையது கோடு போடும் கை. கேடயத்தில் செதுக்கிய சாய்சதுரங்கள், போசம் என்ற மரவிலங்கின் தோலில் செய்த போர்வையின் உள்பக்கம் கீறிய வரிகள். 1903இல் மறைந்த வுருண்ட்ஜெரி தலைவரும் ஓவியருமான வில்லியம் பராக்கின் சடங்குக் காட்சிகளில் அந்தப் போர்வைகளைப் பார்க்கலாம். உங்கள் படத்தையும் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். அம்மை என்றீர்களே, அதில் பாதிக்குமேல் கோடுதான்.

அப்புறம், ஜன்னல் மறைகிறதாம்! இத்தனை வருடம் பர்கர் விளம்பரமும் கைபேசி விளம்பரமும் அதே ஜன்னலில் ஒட்டியிருந்தபோது வெளியே நன்றாகத் தெரிந்ததோ? 1978லேயே டிராமை ஓவியர்களிடம் கொடுத்த ஊர் இது.

"ஓவியம் ஒட்டினால் அவர்கள் நிலம் திரும்பி வருமா?" என்றும் கேட்கிறீர்கள். வராது. 2023 அக்டோபரில் நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லப் பூர்வகுடிகளுக்கென ஓர் அமைப்பு கேட்டார்கள், அதற்கே சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது வேப்பிலை.

இங்கே வந்த புதிதில் அம்மாவின் கடிதத்தை அலுவலக மேசையில் பிரித்து வைத்திருந்தேன். கூட வேலை பார்த்தவன் எட்டிப் பார்த்து, "என்ன இது, புழு நெளிகிற மாதிரி?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அன்றிலிருந்து அம்மாவின் கடிதங்களை டிராமில்கூடப் பிரித்ததில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான்.

நகைச்சுவை புரியாதவள் என்று என்னைக் குழுவிலிருந்து எடுக்கப் போகிறீர்களாம். தாராளமாக எடுங்கள். முதலில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு.