கடைசிப் பக்கத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

டர்பன் பக்கத்துத் தமிழ் வாசகர்களிடம் பெண்ணைப் பெண் நேசிக்கும் கதைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "அதெல்லாம் வெள்ளைக்காரர் விவகாரம்" என்பது ஒன்று. அதை விட்டுத்தள்ளலாம். பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு கூடாது என்று நம் தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சாசனத்தின் 9ஆம் பிரிவே சொல்கிறது. ஒரே பாலினத்தவர் திருமணம் 2006 நவம்பர் 30 முதல் இங்கே சட்டபூர்வம்.

இரண்டாவது பதில்தான் உறுத்துகிறது: "படித்தேன். கடைசியில் ஒருத்தி அழிந்துபோகிறாள். அப்படியானால் எழுதியவரே அதைத் தப்பு என்றுதானே சொல்கிறார்?" இது உண்மையாகவே புத்தகத்தைப் படித்தவரின் கேள்வி. அதனால் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதையைத் தொடங்கும் முன் பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். எந்த ஆண்டு, எந்த நாடு, சொந்தப் பெயரா புனைபெயரா, மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 1952இல் அமெரிக்காவில் 'ஸ்பிரிங் ஃபயர்' என்ற மலிவுப் பதிப்பு நாவல் வின் பாக்கர் என்ற புனைபெயரில் வந்தது. முடிவில் ஒருத்தி மனம் பேதலித்துப் போகிறாள், மற்றவள் தான் அவளைக் காதலிக்கவே இல்லை என்கிறாள். இன்பமான முடிவு வைத்தால் தபால் துறைத் தணிக்கை புத்தகக் கட்டுகளைப் பறிமுதல் செய்துவிடும் என்று பயந்து பதிப்பாளர்தான் அப்படி முடிக்கச் சொன்னார். ஆக, அந்த முடிவு வியாபார நிபந்தனை. அதே 1952இல் பட்ரீஷியா ஹைஸ்மித் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' நாவலை கிளேர் மோர்கன் என்ற பெயரில் வெளியிட்டு, இரண்டு பெண்களையும் உயிரோடும் நம்பிக்கையோடும் விட்டுவைத்தார். தன் சொந்தப் பெயரை அதன் அட்டையில் போட அவருக்கு 1990 வரை ஆனது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர் முடிவை வைத்து எழுத்தாளரின் மனசாட்சியை அளக்க மாட்டார்.

அடுத்து, கதை சொல்வது யார் என்று பாருங்கள். இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' 1942இல் உருதுவில் வந்தது. ஆபாசம் என்று லாகூர் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள், ஆனால் தண்டிக்க முடியவில்லை. காரணம் கதையின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. சுவரில் ஆடும் ரஜாயின் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) நிழலைக் கண்டு பயப்படும் ஒரு சிறுமியின் கண்வழியாகத்தான் எல்லாம் சொல்லப்படுகிறது. பலர் சறுக்குவது இங்கேதான்: குழந்தையின் பயத்தை ஆசிரியரின் அருவருப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் வாசிப்பில் சிறுமி பார்த்ததை மட்டும் தொடருங்கள். இரண்டாவது வாசிப்பில் அவளுக்குப் புரியாமல் போனதை ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். நவாப் கைவிட்ட மனைவியின் தனிமை அப்போதுதான் மேலே வரும். அந்த மனைவியான பேகம் சிறுமியிடம் நடந்துகொள்ளும் இடம் உண்மையாகவே கலங்கவைப்பது. அதை மழுப்பிவிட்டுக் கதையைப் புகழ்வது நேர்மையான வாசிப்பு ஆகாது.

நமக்கு மிக அருகில் இருப்பது ஷமீம் சரீஃபின் 'தி வேர்ல்ட் அன்சீன்' (2001). 1952இன் தென்னாப்பிரிக்கா, நாயகிகள் தமிழர் அல்லர், ஆனால் கடைக்குப் பின்னால் குடித்தனம், மாமியார் வீட்டுக் கெடுபிடி, சமூகத்தின் வாய் எல்லாம் நாம் அறிந்ததே. இதில் முத்தத்தைத் தேடிப் பக்கம் புரட்டினால் ஏமாந்துபோவீர்கள். வேலையைக் கவனியுங்கள். ஆமினா சொந்தமாகக் கஃபே நடத்துகிறாள். மிரியம் காரோட்டக் கற்கிறாள், பிறகு வேலைக்குப் போகத் துணிகிறாள். ஆமினாமேல் அவளுக்குள்ள காதல் அந்தப் படிகளில்தான் வளர்கிறது. இன்னொன்றையும் பாருங்கள்: போலீஸ் துரத்துவது வெள்ளையரை மணந்த ரெஹ்மத்தை, 1949இன் கலப்புமணத் தடைச் சட்டத்தின் பேரில். மிரியத்தைப் பூட்டிவைக்க எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை, குடும்பமே போதுமாக இருந்தது. இந்த நாவலின் மிகக் கூர்மையான இடம் இது என்பேன். நம் வீடுகளில் இதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மொரிஷியஸ் எழுத்தாளர் ஆனந்தா தேவியின் 'ஈவ் தெ சே தெகோம்ப்ர்' (2006) கடினமானது, கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் லூயியின் ஒரு ஏழைக் குடியிருப்பில் நான்கு இளம் குரல்கள் மாறி மாறிப் பேசுகின்றன. யார் பேசுகிறார் என்று குழம்பாமல் இருக்க ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் உள்ள பெயரைக் கவனியுங்கள். ஈவை நேசிக்கும் சவிதா கொல்லப்படுகிறாள். இங்கும் சாவுதான், ஆனால் தணிக்கைக்குப் பயந்து வைத்த சாவு அல்ல. பெண் உடலை விலைபேசும் ஆண்களின் உலகம் செய்யும் கொலை. பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு ஜெஃப்ரி ஸக்கர்மனின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது.

டர்பனின் சேட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வாசகர் வட்டம் நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன். 'லிஹாஃப்' ஒரே அமர்வில் முடியும், அதில் தொடங்குங்கள். பிறகு சரீஃபை நான்கு அமர்வுகளாகப் பிரியுங்கள். "இவள் ஏன் இப்படி ஆனாள்" என்ற கேள்வியை முதல் அமர்வில் அனுமதிக்காதீர்கள். அது வந்துவிட்டால் புத்தகம் மூடிவிடும், அப்புறம் பேச்செல்லாம் நோயையும் வளர்ப்பையும் பற்றியே போகும். அதற்குப் பதிலாக, இந்த அத்தியாயத்தில் யார் கையில் பணம் இருக்கிறது, வீட்டை விட்டு வெளியே போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று கேளுங்கள். தன் பாலீர்ப்பை வெளியே சொல்லாத ஒருவர் வட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவரைப் பார்த்து "உங்களுக்கு எப்படி இருந்தது" என்று யாரும் கேட்க வேண்டாம், பக்க எண்ணைச் சொல்லிப் பேசினால் போதும்.