வேகத்தைக் குறையுங்கள் என்றுதான் கேட்டேன்

வெள்ளிக்கிழமை இரவு, சாலையில் வண்டி ஏறிச் செத்த ஓர் ஆமையின் படத்தை இணையத்தில் போட்டேன். அதற்குக் கீழே விழுந்த சிரிப்புக் குறிகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. பாதிப் பேர், மலேசியாவில் எங்கள் ஊரான பெஸ்தாரி ஜெயாக்காரர்கள். இரண்டு பேர் என்னிடம் டியூஷன் படித்த பிள்ளைகள்.

அப்படி என்ன கேட்டுவிட்டேன்? ஈயம் தோண்டிய பழைய குட்டைக்கும் சதுப்புக்கும் நடுவே போகும் அந்த ஒரு கிலோமீட்டரில், மழை பெய்த இரவுகளில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள் என்றேன். அவ்வளவுதான்.

படத்தில் இருந்த ஆமையை மலாய்க்காரர்கள் ‘கூரா-கூரா காத்துப்’ என்பார்கள். பயந்தால் தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்து, அடி ஓட்டைக் கதவுபோல் சாத்திக்கொள்ளும். கார் வெளிச்சம் பட்டாலும் ஓடாது, நடுச்சாலையிலேயே சாத்திக்கொண்டு கிடக்கும். டயருக்கு அந்தக் கதவு எம்மாத்திரம்? நான் குனிந்து பார்த்தபோது நொறுங்கிய ஓட்டுக்குள் நீள்வாக்கில் இரண்டு வெள்ளை முட்டைகள். ஒன்று உடையவே இல்லை. இந்த ஆமை ஒரு தடவைக்கு இரண்டு மூன்று முட்டைதான் இடும். ஒரு தாய் போனால் எத்தனை வருடம் போகிறது என்று யோசியுங்கள்.

“மனிதனே சாலையில் சாகிறான், தவளைக்கும் ஆமைக்கும் அழுகிறாயா?” என்கிறார்கள். அதே சாலையில்தான் என் சித்தப்பா மகன் மோட்டாரில் போய்ச் செத்தான். வேகம் குறைந்தால் அவனைப்போன்ற பிள்ளைகளும்தானே பிழைப்பார்கள்? “பாம்பு செத்தால் நல்லது” என்று ஒருவர். செம்பனைக் காட்டில் எலியைத் தின்பது யார்? இரவில் தார் சூடாக இருப்பதால் பாம்பு அதில் வந்து படுக்கிறது. உங்களைக் கடிக்க வரவில்லை.

செம்பனைக் குலை ஏற்றிய லாரியைச் சட்டென நிறுத்த முடியாது என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். அது நியாயம். நான் அவரைச் சொல்லவில்லை. காலிச் சாலை என்று காரைப் பறக்கவிடுகிறவர்களைச் சொல்கிறேன்.

அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போகும் விடியலில், செம்மண் பாதையில் ஆமையைக் கண்டால் சைக்கிளை நிறுத்திவிடுவார். அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே தூக்கி விடுவார். “வந்த பக்கம் விட்டால் மறுபடியும் இறங்கும்” என்பார். பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்கு, தாமதமானால் கங்காணியின் வசவு அவருக்குத்தான். ஆனாலும் நிறுத்துவார். இன்று நமக்குப் பிரட்டும் இல்லை, கங்காணியும் இல்லை. பிரேக்கில் கால் வைக்கத்தான் மனம் இல்லை.

அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் என்னும் ஊரில், பல்லிபோல் இருக்கும், தவளை இனத்துக்கு உறவான சலமாண்டர்கள் கடந்து போகவென்று 1987இல் சாலைக்கு அடியில் சுரங்கக் குழாய்களே பதித்தார்கள். நான் குழாய்கூடக் கேட்கவில்லை. நாம் குடியிருந்த தோட்டத்து லயங்களை, அந்த வரிசை வீடுகளை, இடித்த பிறகு போட்ட சாலைதான் இது. வழிவழியாக நடந்த பாதை ஒரே நாளில் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று நமக்குமா தெரியாது? வேறு யார் சிரித்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

உடையாத அந்த முட்டையைப் புரட்டாமல் எடுத்துவந்து, பின்கட்டில் மண்சட்டியில் புதைத்து வைத்திருக்கிறேன். இன்றும் மழை இருட்டிக்கொண்டு வருகிறது. எட்டு மணிக்கு டார்ச்லைட்டோடு அந்தச் சாலையில் நிற்பேன். வருகிறவர்கள் வாருங்கள்.