சொந்த செல் என்பதால் மட்டும் கட்டி வராமல் போகாது

"ஐபிஎஸ் செல்லை நம் தோலிலிருந்தே எடுக்கிறார்கள், அதனால் புற்றுநோய் பயமே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐபிஎஸ் செல் என்பது தோல் போன்ற முதிர்ந்த செல்லைப் பின்னோக்கி மாற்றி, உடம்பின் எந்த வகை செல்லாகவும் வளரக்கூடியதாக ஆக்கியது. எழுதியவர் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொண்டிருக்கிறார். சொந்த செல் என்றால் உடம்பு அதை நிராகரிக்கும் வாய்ப்பு குறையும், அவ்வளவுதான். கட்டி வருவது வேறு கணக்கு.

2006இல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாகாவின் குழு ஐபிஎஸ் செல்லை உருவாக்க எலி செல்லில் செலுத்திய நான்கு மரபணுக்களில் ஒன்றான சி-மிக், புற்றுநோயைத் தூண்டக்கூடியது. இப்போது அந்த மரபணுக்களைச் செலுத்த, செல்லின் மரபணுத்தொகுதிக்குள் நுழையாத சென்டாய் வைரஸ் போன்ற முறைகள் இருப்பதால் அந்தப் பயம் குறைந்திருக்கிறது. பெரிய தலைவலி வளர்ப்புத் தட்டில்தான். செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் நிறைய செல்கள் சாகும். 20ஆம் குரோமோசோமில் 20க்யூ11.21 என்ற பகுதி கூடுதல் நகலாகிவிட்ட செல் மட்டும், செல் சாவதைத் தடுக்கும் பிசிஎல்-எக்ஸ்எல் புரதம் அதிகமாக இருப்பதால், தப்பித்துக்கொள்ளும். சில முறை தட்டு மாற்றிய பிறகு தட்டு முழுக்க அதன் வாரிசுகள்தான்! அந்தத் துண்டு பல நேரம் மிகச் சிறியது. குரோமோசோம்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் வழக்கமான ஜி-பட்டைச் சோதனையில் "இயல்பு" என்றே வரும். குறிப்பிட்ட டிஎன்ஏ பகுதியை மட்டும் தேடிப் பார்க்கும் க்யூபிசிஆர் அல்லது ஃபிஷ் சோதனை செய்தால்தான் பிடிபடும்.

போதாக்குறைக்கு, முதிர்ச்சி அடையாத ஐபிஎஸ் செல்கள் கலந்திருந்தால் பலவகைத் திசுக்கள் கலந்த டெரட்டோமா என்ற கட்டி உருவாகலாம்.

ஜப்பானில் 2014இல் முதல் நோயாளிக்கு, அவருடைய ஐபிஎஸ் செல்லிலிருந்து வளர்த்த விழித்திரை செல் படலம் பொருத்தினார்கள். இரண்டாவது நோயாளிக்குத் தயாரான செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும் பொருத்தாமல் நிறுத்திவிட்டார்கள். அவையும் அந்த நோயாளியின் சொந்த செல்களே.